வட்டத்துக்குள் ஆர்: டிரேட்மார்க்கை யாரிடம் கொடுப்பது?

பாளையங்கோட்டையில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புத்தகம் எல்லாம் உண்டு என்றாலும் இப்போது சோறு போடுவது லேபிள்தான். முறுக்கு, அப்பளம், சுக்குக் காபிப் பொடி, கருப்பட்டி மிட்டாய், வீட்டில் இடித்த இட்லிப் பொடி என்று எதையாவது பொட்டலம் கட்டி விற்கிறவர்கள் வருகிறார்கள். டிசைனைப் பார்த்துச் சரி சொல்லிவிட்டு வாசல் வரை போவார்கள். அங்கே நின்று திரும்பி, "அண்ணாச்சி, பேருக்கு மேல அந்த வட்டத்துக்குள்ள ஆர் ஒண்ணு போட்டுருங்க. பார்க்க எடுப்பா இருக்கும்" என்பார்கள்.

எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் பெயரை டிரேட்மார்க்காக, அதாவது வணிகக் குறியாக, அரசிடம் பதிந்து முடித்தவர்கள் மட்டுமே அதைப் போடலாம். பதிவாகாத பெயருக்குப் போடுவது சட்டப்படி தப்பு. டிஎம் என்ற இரண்டு எழுத்தை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், மனுகூடக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. இதைச் சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: "அப்ப பதிவு பண்ண யாரைப் பார்க்கணும்?"

நான் வக்கீல் இல்லை. இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் "ஆன்லைன்ல நிறைய கம்பெனி இருக்கு, எவன் குறைச்சலோ அவன்ட்ட குடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்பாசமுத்திரத்து அக்கா விஷயத்துக்கு அப்புறம் அப்படிச் சொல்வதில்லை. அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்குமுன் வழிகள் என்னென்ன என்று பார்த்துவிடலாம்.

முதல் வழி, நாமே மனுப் போடுவது. இது முடியாத காரியம் இல்லை. மத்திய அரசின் ஐபி இந்தியா இணையதளத்தில் டிஎம்-ஏ என்ற படிவம். தனிநபர், சிறுதொழில், ஸ்டார்ட்அப் என்றால் ஒரு கிளாஸுக்கு (பொருள், சேவைகளைப் பிரித்து வைத்திருக்கிற வகைக்கு) 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் அதுவே 5,000, 10,000. தனி உரிமையாளராக நடத்துகிறவருக்குத் தனிநபர் கட்டணம்தான். ஆனால் கூட்டு வியாபாரமோ கம்பெனியோ என்றால் உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்றிதழையோ ஸ்டார்ட்அப் அங்கீகாரத்தையோ கையில் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் சலுகைக் கட்டணம் கிடைக்காது. டிஜிட்டல் கையெழுத்துக்கு பென்டிரைவ் மாதிரி ஒரு டோக்கன் வாங்க வேண்டும். சென்னை கிண்டியில் ஜிஎஸ்டி சாலையில் இருக்கிற டிரேட்மார்க் பதிவகத்துக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்துப் போக வேண்டியதில்லை. விசாரணைகூட இப்போது வீடியோவில்தான் நடக்கிறது.

மொத்தம் 45 கிளாஸ். காபி, சர்க்கரை, மிட்டாய், மசாலா எல்லாம் 30. பாய் 27. கடை நடத்துவது 35. எந்தக் கிளாஸ் என்று முடிவு செய்வதைவிட முக்கியம், பெயரைத் தேடிப் பார்ப்பது. அதே தளத்தில் இலவசமாகத் தேடலாம். எழுத்தாகவும் தேட வேண்டும், ஒலியாகவும் தேட வேண்டும்.

ஒரு தடவை ஒரு தம்பி வந்தான். பாட்டி கைப்பக்குவத்தில் பொடி வகைகள், பெயரில் 'ஆச்சி' வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். நம் ஊரில் பாட்டியை ஆச்சி என்றுதானே கூப்பிடுகிறோம், இதில் என்ன இருக்கிறது என்று அவன் வாதம். என் கம்ப்யூட்டரிலேயே கிளாஸ் 30-இல் தேடிக் காட்டினேன். ஆங்கிலத்தில் ஒரு ஏ, இரண்டு ஏ, நடுவில் டி போட்டு என்று எழுதிப் பார்க்கப் பார்க்கப் பக்கம் பக்கமாக வந்தது. தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். வீட்டில் ஆச்சி எல்லாருக்கும் பொது. மசாலாப் பாக்கெட்டில் அப்படி இல்லை. இந்த மாதிரிப் பெயரோடு மனுப் போட்டால், ஏற்கெனவே இருக்கும் பெயரோடு குழப்பம் வரும் என்று டிரேட்மார்க் சட்டத்தின் பிரிவு 11-இன்படி அப்ஜெக்‌ஷன் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

பிரிவு 9 வேறு மாதிரி. பொருளையோ ஊரையோ தரத்தையோ மட்டும் சொல்கிற பெயரை ஒருவருக்கு எழுதிக் கொடுக்க மாட்டார்கள். 'திருநெல்வேலி அல்வா' என்று தனியாகக் கேட்டால் அது நடக்காது; அது ஊருக்கே பொது. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கிற இருட்டுக்கடையை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெயரில் அல்வாவும் இல்லை, நெல்லையும் இல்லை, இனிப்பும் இல்லை. மங்கின விளக்கைப் பார்த்துச் சனங்கள் வைத்த பெயர். ஒரு வியாபாரத்தை அடையாளம் காட்ட அதைவிட நல்ல பெயரை எந்த டிசைனரும் வைத்துவிட முடியாது. பெயர் வைக்க என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். 'சுத்தமான', 'பாரம்பரிய', 'நெல்லை' மூன்றையும் எடுத்துவிட்டு மிச்சம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஆக, பெயர் புதிதாக, தேடினால் எதுவும் வராததாக, வியாபாரமும் இனிமேல்தான் தொடங்கப்போகிறது என்றால், நாமே போட்டுவிடலாம். தமிழ் எழுத்தில் பெயர் என்றால் ஆங்கிலத்தில் உச்சரிப்பும் பொருளும் சேர்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான். லேபிளைப் படமாகப் போடுவதா, பெயரை வெறும் எழுத்தாகப் போடுவதா என்று கேட்பார்கள். பெயர் வலுவாக இருந்தால் வெறும் எழுத்தாகவே போடுங்கள். நாளைக்கு லேபிளின் நிறத்தை மாற்றினாலும் அது கூடவே வரும்.

இரண்டாவது வழி, ஆன்லைன் கம்பெனி. இங்கேதான் அக்கா கதை.

அம்பாசமுத்திரத்தில் சுக்குக் காபிப் பொடி போடுகிறார். பெயர் இன்னும் இழுபறியில் இருப்பதால் இங்கே எழுதவில்லை. 2021-இல் என் பேச்சைக் கேட்டு ஓர் ஆன்லைன் கம்பெனியிடம் கொடுத்தார். வாட்ஸ்அப்பிலேயே ஆதார், லேபிள் படம், பணம் எல்லாம் போனது. இரண்டே நாளில் விண்ணப்ப எண் வந்துவிட்டது. அக்கா எனக்கு ஒரு பாக்கெட் பொடி கொண்டுவந்து கொடுத்தார். நானும் பெருமையாக வாங்கிக்கொண்டேன்.

2023-இல் தென்காசிப் பக்கம் ஒரு கடையில் அதே பெயரில் வேறொருவர் பொடியை யாரோ பார்த்திருக்கிறார்கள். எழுத்துக்கூட ஏறக்குறைய நான் போட்ட மாதிரியே. அக்கா பதறிப்போய் வந்தார். விண்ணப்ப எண்ணைப் போட்டுத் தளத்தில் நிலவரம் பார்த்தேன். 'அபாண்டன்ட்' என்று இருந்தது. படித்துச் சொன்னேன். "என்ன அண்ணாச்சி, அபாண்டமா இருக்கு!" என்றார். கைவிடப்பட்டது என்று அர்த்தம், ஆனால் அக்கா சொன்னதும் சரிதான்.

நடந்தது இது. பதிவகத்திலிருந்து ஆய்வறிக்கை, அதாவது மனுவைப் பார்த்து அவர்கள் எழுப்பும் ஆட்சேபம், வந்திருக்கிறது. அதற்குப் பதில் கொடுக்க 30 நாள். அறிக்கை போனது கம்பெனியின் மின்னஞ்சலுக்கு. அங்கே வேலை பார்த்த பையன் விலகிவிட்டானாம், 'பதில் எழுதுவது எங்கள் பேக்கேஜில் இல்லை' என்று சொன்னார்களாம், ஆளுக்கொரு காரணம். அக்காவுக்கு ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை. நாள் முடிந்தது, மனு செத்துவிட்டது. நடுவில் 2022-இல் தென்காசிக்காரர் மனுப் போட்டுவிட்டார்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று மனுவுக்குள்ளேயே இருந்தது. 'எப்போதிருந்து பயன்படுத்துகிறீர்கள்' என்ற இடத்தில் 'இனிமேல் பயன்படுத்தப் போகிறேன்' என்று டிக் அடித்திருந்தார்கள். ஏனென்றால் முன்பிருந்தே பயன்படுத்துகிறோம் என்று எழுதினால் பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் இணைக்க வேண்டும். அது வேலை. இரண்டு நாளில் எண் வாங்கிக் கொடுக்கிறவர்களுக்கு அந்த வேலை கட்டுப்படியாகாது. அக்கா அந்தப் பெயரில் விற்கத் தொடங்கியது 2014-இல். ஏழு வருஷ வியாபாரத்தை ஒரு டிக் அழித்துவிட்டது.

நம் நாட்டுச் சட்டத்தில் முதலில் பதிந்தவரைவிட முதலில் பயன்படுத்தியவருக்குத்தான் பலம். டிரேட்மார்க் சட்டத்தின் பிரிவு 34 அவருக்குப் பாதுகாப்பு. ஆனால் முதலில் பயன்படுத்தியதைக் காட்ட வேண்டுமே. அன்றைக்கு அச்சகத்தின் பரணில் ஏறினேன். ஒவ்வொரு லேபிள் வேலைக்கும் ஒரு மாதிரியை ஒட்டி வைக்கிற பழக்கம் அப்பா காலத்திலிருந்து உண்டு. 2014 கோப்பில், பசை காய்ந்து ஓரம் தூக்கிய ஒரு மஞ்சள் லேபிள். பக்கத்தில் பில் நகல்: ஆயிரம் லேபிள், இரண்டு கலர், அக்கா பெயர், தேதி. சுக்கு வாசனை இல்லை, கரப்பான் வாசனைதான். அந்தக் காகிதத்தை அக்கா இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டார். அதனால் சொல்கிறேன், பழைய பில்லை எடைக்குப் போடாதீர்கள். லேபிள் அடித்த பில், ஏஜெண்டுக்குப் போட்ட சரக்கு பில், பேப்பரில் வந்த விளம்பரம், உணவுப் பாதுகாப்பு உரிமம் எல்லாமே பிற்பாடு பேசும்.

எல்லா ஆன்லைன் கம்பெனியும் இப்படி என்று சொல்ல வரவில்லை. நன்றாக முடித்துக் கொடுத்தவர்களும் என் வாடிக்கையாளர்களில் உண்டு. ஆனால் அவர்கள் விற்பது மனுப் போட்டுக் கொடுப்பதை. அதை நீங்களே செய்துவிட முடியும். உண்மையான வேலை ஆய்வறிக்கை வந்த பிறகுதான் தொடங்குகிறது. அதற்குத் தனிக் கட்டணமா, யார் பதில் எழுதுவார், விசாரணைக்கு யார் வருவார் என்று முதலிலேயே கேளுங்கள். இழுத்தால் வேண்டாம். யாரிடம் கொடுத்தாலும் விண்ணப்ப எண்ணை வாங்கி, மாதம் ஒருமுறை, கரண்ட் பில் பார்க்கிற மாதிரி, நீங்களே நிலவரம் பாருங்கள். அதற்குக் காசும் கிடையாது, கடவுச்சொல்லும் யாரிடமும் கேட்க வேண்டாம்.

மூன்றாவது வழி ஊரிலிருக்கிற ஆடிட்டர் அல்லது வக்கீல். ஜிஎஸ்டி பார்க்கிற ஆடிட்டரே 'இதையும் முடிச்சுக் குடுத்துருவோம்' என்பார். பதிவகத்தின் முன் நமக்காக ஆஜராகச் சட்டப்படி வக்கீலோ பதிவுபெற்ற டிரேட்மார்க் ஏஜெண்டோ வேண்டும். ஆகவே ஆடிட்டர் மதுரையிலோ சென்னையிலோ ஒருவருக்குக் கைமாற்றி விடுவார். அது தப்பில்லை. பவர் யார் பெயருக்கு எழுதித் தருகிறோம் என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆடிட்டரிடம் ஒரு நல்லது உண்டு. அடுத்த தெருவில்தான் இருப்பார். வருஷத்துக்கு நாலு தடவையாவது நம் முகத்தைப் பார்ப்பார். கடிதம் வந்தால் சொல்லாமல் இருக்க முடியாது.

உள்ளூர் வக்கீலுக்கு இன்னொரு இடம் இருக்கிறது, அது பிற்பாடு வரும். பதிவான பெயரை ஒருவர் திருடினால், பிரிவு 134-இன்படி நீங்கள் இருக்கிற ஊர் நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். அம்பாசமுத்திரத்து அக்கா திருநெல்வேலி மாவட்ட நீதிமன்றத்தில் போடலாம், எதிராளி கோயம்புத்தூரில் இருந்தாலும் சரி. பதிவாகாத பெயர் என்றால் இந்தச் சலுகை இல்லை. எதிராளி இருக்கிற ஊருக்கோ அவன் சரக்கு விற்ற ஊருக்கோ போக வேண்டும். பதிவுக்குச் செலவழிப்பதில் எனக்குப் பிடித்த காரணம் இதுதான். பஸ் காசு மிச்சம்.

நான்காவது, அறிவுசார் சொத்துரிமைக்கென்றே இருக்கிற சட்ட நிறுவனம். பெரும்பாலும் சென்னை. வேலைக்கூலி அரசுக் கட்டணத்தைப் போல இரண்டு மூன்று மடங்குக்குக் குறையாது, நிலை நிலையாகக் கூடும். மின்னஞ்சல் எல்லாம் ஆங்கிலம். முதல் தடவை பேசுவது பெரிய வக்கீல், அப்புறம் பேசுவதெல்லாம் ஜூனியர் பெண் பிள்ளை. (அக்காவுக்கு வாய்த்த ஜூனியர் சங்கரன்கோவில் பக்கம், அது அதிர்ஷ்டம்.) கிளாஸ் எண்ணிக்கையையும் கூட்டப் பார்ப்பார்கள், 30 போதும் என்ற இடத்தில் 29, 35, 43 என்று அடுக்கினால், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் என்பதை நினைத்துக்கொண்டு 'ஏன்' என்று கேளுங்கள்.

சரி, இவ்வளவு கொடுத்து என்ன வாங்குகிறோம்? முதல் மனு செத்த பிறகு அக்கா இப்படி ஒரு நிறுவனத்திடம்தான் இரண்டாவது மனுவைக் கொடுத்தார். அவர்கள் அதைச் செய்த விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதலில் தேடி, எழுத்தில் ஒரு கருத்துக் கொடுத்தார்கள்: தென்காசி மனு இருக்கிறது, அவர் 2019-இலிருந்து விற்பதாக எழுதியிருக்கிறார், நம்மிடம் 2014 ஆதாரம் இருந்தால் மேலே போகலாம், இல்லையென்றால் பெயரை மாற்றுங்கள் என்று. 'இல்லையென்றால் மாற்றுங்கள்' என்று சொல்ல ஆன்லைன் கம்பெனிக்கு வாய் வராது. பிரமாணப் பத்திரம் எட்டுப் பக்கம், என் பில் முதல் இணைப்பு. எதிர்பார்த்தபடியே தென்காசி மனுவைக் காட்டி அப்ஜெக்‌ஷன் வந்தது. பதினைந்தாம் நாளே பதில் போனது. நேர்மையாக இணையாகப் பயன்படுத்துகிறவருக்கு இடம் தருகிற பிரிவு 12-ஐயும் சேர்த்துக்கொண்டார்கள். விசாரணை வீடியோவில். அக்கா வீட்டில் நெட் சரியில்லை என்று என் அச்சகத்தில் உட்கார்ந்துதான் பார்த்தார். மிஷினை நிறுத்தி வைத்திருந்தேன்.

இன்னொன்றும் செய்தார்கள், அது என் தலையில் விடிந்தது. லேபிளை வரைந்தது யார் என்று கேட்டார்கள். நான்தான். அப்படியானால் அந்தப் படத்தின் பதிப்புரிமை (காப்பிரைட்), காசு வாங்கியிருந்தாலும், எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை வரைந்தவரிடமே இருக்கக்கூடும் என்று சொல்லி, என்னிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இருபது வருஷமாக ஊர் லேபிள்களுக்கெல்லாம் நான் சொந்தக்காரனாக இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். உங்கள் டிசைனரிடம் நீங்களும் எழுதி வாங்கிவிடுங்கள். முகம் சுளிக்க மாட்டார்கள்.

மனு ஏற்கப்பட்டால் டிரேட்மார்க் ஜர்னலில் வெளியாகும். அது வாராவாரம் திங்கள்கிழமை வருவது. வெளியான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம், கட்டணம் 2,700. எதிர்ப்பு நகல் நம் கைக்கு வந்த 2 மாதத்துக்குள் பதில் கொடுக்காவிட்டால் மனு கைவிடப்பட்டதாக ஆகிவிடும். மறுபடியும் அபாண்டம். பிறர் நம் பெயரைப் போடுகிறார்களா என்று ஜர்னலை வாராவாரம் பார்ப்பதும் இந்த நிறுவனங்களின் ஒரு சேவை. பொடி இடிக்கிறவர்கள் யாரும் திங்கள்கிழமை காலையில் ஜர்னல் படிக்கப் போவதில்லை. பெயர் நாலு மாவட்டத்துக்குப் பரவிய பிறகு இதற்குக் கொடுக்கிற காசு தண்டம் இல்லை. சின்ன வியாபாரத்துக்கு இப்போதைக்கு வேண்டாம்.

இதற்கிடையில் சிலர் குழப்பிக்கொள்வது புவிசார் குறியீட்டை. பத்தமடைப் பாய்க்கும் உடன்குடிக் கருப்பட்டிக்கும் அது இருக்கிறது, கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் கிடைத்தது. அது ஊர்ப் பொதுச் சொத்து, அந்தப் பகுதியில் அந்த முறையில் செய்கிறவர்கள் எல்லாருக்கும் சேர்ந்தது. உற்பத்தி செய்கிறவர் தன்னை அங்கீகரிக்கப்பட்ட பயனாளியாகப் பதிந்துகொள்ளக் கட்டணம் 500-ஆக இருந்தது, 2020-இல் 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். பாய் நெய்கிறவர் டிரேட்மார்க்குக்கு வக்கீல் தேடுவதற்கு முன் இந்தப் பத்து ரூபாய் வேலையை முடிக்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை, இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

பேட்டை தொழிற்பேட்டையில் லேத் போட்டிருக்கிற நண்பர் ஒருவர் அப்பளம் தேய்க்க ஒரு மிஷின் கண்டுபிடித்துவிட்டு, பேட்டன்ட் தானே போட்டுவிடலாமா என்றார். அதற்கு மட்டும் என் பதில் ஒரே சொல்: வேண்டாம். தனிநபருக்கு இணையத்தில் மனுக் கட்டணம் 1,600 ரூபாய்தான், ஆனால் உரிமை கேட்டு எழுதுகிற வாசகங்களில் ஒரு சொல் குறைந்தால் பக்கத்து லேத்காரர் அந்த இடைவெளியில் மிஷினையே ஓட்டிக்கொண்டு போய்விடுவார். பேட்டன்ட் ஏஜெண்ட் பரீட்சை எழுதித் தேறியவர்கள் செய்கிற வேலை அது. கையில் காசில்லை என்றால் முதலில் தற்காலிக மனுப் போட்டுவிட்டு 12 மாதத்துக்குள் முழு மனுக் கொடுக்கலாம். அதுவரை மிஷினைக் கண்காட்சியில் வைக்காதீர்கள், வீடியோ எடுத்துப் போடாதீர்கள். நண்பர் அதற்குள் யூடியூபில் போட்டுவிட்டார் என்பது வேறு விஷயம்.

காசு பிரச்சினை என்றால் இரண்டு கதவு இருக்கிறது. ஸ்டார்ட்அப் என்று மத்திய அரசின் அங்கீகாரம் வாங்கியவர்களுக்கு, பட்டியலில் உள்ள வக்கீல், ஏஜெண்டுகளின் கூலியை அரசே கொடுக்கிறது. நாம் கட்டுவது அரசுக் கட்டணம் மட்டும். உத்யம் பதிவுள்ள சிறுதொழிலுக்குப் பதிவு முடிந்த பின் செலவைத் திருப்பித் தருகிற திட்டமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் இப்போதைய விதிகளைச் சொல்வார்கள்.

இப்போது வாசலில் நின்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "எத்தனை வருஷமா இந்தப் பேர்ல விக்கிறீங்க?" புதுப் பெயர், தேடினால் காலி என்றால் நீங்களே போடுங்கள், இல்லை ஆடிட்டரிடம் கொடுங்கள். வருஷக் கணக்கில் விற்றதாக இருந்து, அதே மாதிரிப் பெயர் வெளியில் ஒன்று தென்பட்டால் சென்னைக்குப் போன் பண்ணுங்கள். எது எப்படியானாலும் பவுச்சுக்குப் போகும் முன் முடிவெடுங்கள். ஸ்டிக்கர் லேபிள் என்றால் பெயரை மாற்றிவிடலாம். பவுச் சிவகாசியில் அடிக்கிறோம், ஒவ்வொரு கலருக்கும் ஒரு சிலிண்டர். பெயர் மாறினால் அந்தச் சிலிண்டர் கதவு திறந்து வைக்கத்தான் ஆகும்.

அக்கா பெயர் போன மாதம் ஜர்னலில் வந்துவிட்டது. தென்காசிக்காரர் என்ன செய்வாரோ தெரியாது, இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. புதுப் பவுச்சுக்கு ஆர்டர் கொடுக்க வந்தவர், பெயருக்கு மேலே விரலை வைத்து, "இங்க கொஞ்சம் இடம் விட்டு வைங்க அண்ணாச்சி" என்றார். இரண்டு மில்லிமீட்டர் விட்டிருக்கிறேன். இப்போதைக்கு அதில் டிஎம்.